காப்பகம் கொடுத்த முதல் நாய்

நாயைக் கொண்டுபோனது நாய் பிடிக்கிற வண்டியாக இருந்திருந்தால் தையல்காரர் பின்னாலேயே ஓடியிருப்பார். ஆனால் வந்தது வெள்ளை வெளேரென்று ஒரு வண்டி. பக்கவாட்டில் பெரிய இதயம் வரைந்து, அதற்குள் நாலு கால் தடம் போட்டு, ‘நாலுகால் நலக் காப்பகம்’ என்று எழுதியிருந்தது. இறங்கிய இருவரும் கையுறை மாட்டியிருந்தார்கள். கடை வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்த துண்டைப் பார்த்து ஒருவர் “ஆதரவற்ற நிலை” என்று சொல்ல, மற்றவர் எழுதிக்கொண்டார். தையல்காரர் வாயில் அப்போது நாலு குண்டூசி. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, அது நம்ம நாய் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

துண்டு என்பது எட்டு வருஷமாக வெட்டுமேசைக்கு அடியில், துண்டுத் துணிகளின் மேல் படுத்துப் படுத்தே வாங்கிய பேர். அதை யாரும் வாங்கவில்லை, யாரும் தூக்கி வரவும் இல்லை. ஒரு மழை நாளில் உள்ளே வந்தது, மழை விட்ட பிறகும் போகவில்லை, அவ்வளவுதான். கழுத்தில் பட்டை கிடையாது, அட்டை கிடையாது. ஆகவே ஆதரவற்ற நிலை.

தையல்காரருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டு அக்காதான் கூட இருந்தாள். அக்காவின் வாய்க்கு நாளெல்லாம் துண்டுதான் தீனி. சோம்பேறி என்பாள், நூலை இழுத்துவிட்டது என்பாள், குறுக்கே படுத்துக்கொண்டு ஆளைத் தடுக்கி விழவைக்கப் பார்க்கிறது என்பாள். துண்டு போன இரண்டாம் நாளே அந்த வாய் தம்பி பக்கம் திரும்பியது.

“அது திரும்பி வர்ற வரைக்கும் இந்த வீட்ல எனக்குத் திட்டறதுக்கு நீ ஒருத்தன்தான்டா இருக்க. உன் நல்லதுக்குச் சொல்றேன், போய்க் கூட்டிட்டு வந்துடு.”

காப்பகம் பெரிய கட்டடம். நடந்தால் சத்தம் கேட்காத கம்பளம், குளிரூட்டிய அறை, சுவர் நிறைய சட்டம் போட்ட படங்கள். எல்லாப் படத்துக்கும் கீழே, ‘வாங்காதீர்கள், தத்தெடுங்கள்’. சுவருக்கு அந்தப் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு நாய்கள் ஒரே மூச்சில் குரைத்துக்கொண்டிருந்தன. முகப்பு மேசையில் இருந்த பெண் நல்ல பிள்ளைதான், சிரித்த முகம். இங்கே யாருடைய நாயும் கிடையாது, இங்கே இருப்பவர்கள் எல்லாரும் பயனாளிகள், இவர் சொல்லும் அடையாளங்கள் பயனாளி இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பொருந்துகின்றன, வேண்டுமென்றால் முறைப்படி தத்தெடுக்கலாம் என்று பொறுமையாக விளக்கினாள். விளக்கிவிட்டு நாற்பத்தோரு பக்கப் படிவம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள்.

தையல்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, இஸ்திரி போடும் மேசையில் விரித்து, நாலு நாள் எழுதினார். கடைசியாக எப்போது அழுதீர்கள், அதற்கு முன் ஏன் அழவில்லை என்று ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பூனைகள்பால் சாய்வு இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. அத்தை ஒருத்தி இருந்தாளே என்று அக்கா நினைவுபடுத்த, செத்துப்போனவளை எதற்கு இழுக்கிறாய் என்று தம்பி அடக்கினார். ‘நாய் வளர்க்க விரும்புவது ஏன்? நூற்றைம்பது சொற்களில் எழுதுக’ என்ற இடத்தில் ‘அது நம்ம நாய்’ என்று எழுதினார். நூற்று நாற்பத்தேழு சொற்கள் குறைகின்றன என்று படிவம் திரும்பி வந்தது.

ஒருவழியாகப் படிவம் நிறைந்து, இரண்டரை மாதம் கழித்து, பயனாளியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் துண்டு வந்தது. இவரைப் பார்த்ததுதான் தாமதம், உடம்பே வாலாகி ஆடியது. கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேய்த்தது, முனகியது, தரையெல்லாம் நனைத்தது. பக்கத்தில் நின்ற பொருத்த அலுவலர் பேனாவைத் திறந்து, ‘விண்ணப்பதாரரின் வருகை பயனாளியின் மன அமைதியைக் குலைத்தது’ என்று எழுதிப் பதினைந்து மதிப்பெண்ணைக் குறைத்தார். என்னைத் தெரிஞ்சதனால அப்படிப் பண்ணுதுங்க என்று தையல்காரர் சொன்னார். முன்பே அறிமுகம் இருப்பது முறைகேட்டுக்கு இடம் கொடுக்கும் என்று இன்னொரு பத்தும் போயிற்று.

அடுத்தது குழு. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர், நடுவில் இயக்குநர் அம்மா. பட்டுப் போன்ற குரல். எதிரில் தனி நாற்காலியில் தையல்காரர், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு. தினமும் கையில் எடுப்பது கத்தரியும் ஊசியும் என்று படிவத்தில் இவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே, ஒரு பயனாளியை ஆயுதங்களுக்கு நடுவே எப்படி அனுப்புவது என்று ஒருவர் கேட்டார். எட்டு வருஷமாக அங்கேதானே இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே என்றார் இவர். ஆகாததற்கு ஆதாரம் இருக்கிறதா என்றார் அவர். எத்தனை பேருக்கு நாய் கொடுத்திருக்கிறீர்கள் என்று தையல்காரர் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆறு பேரும் இயக்குநர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“நாயைக் குடுக்கறதுக்கு எதிர்ல கடை இருக்கு. நாங்க குடுக்கறவங்க இல்ல, காப்பாத்தறவங்க. யார்கிட்டேர்ந்து காப்பாத்தறோம்? வண்டியில அடிபடறது, பசி, வியாதி, அதெல்லாம் சின்ன விஷயம். அன்பு இருக்குன்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க பாருங்க, அவங்ககிட்டேர்ந்துதான். இந்தக் கதவுக்குள்ள வந்த ஒரு நாயைக்கூட அப்படிப்பட்டவங்க தொட நாங்க விட்டதில்ல. இருநூத்துப் பன்னெண்டு நாய், இருநூத்துப் பன்னெண்டும் பத்திரம். இதைவிட என்ன வேணும்?”

மற்ற ஆறு பேரும் மேசையைத் தட்டினார்கள். தையல்காரரும் மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டினார்.

வெளியே வரும்போதுதான் பொருத்த அலுவலர் போகிற போக்கில் அந்தத் தேதியைச் சொன்னார். சேர்த்த அன்றைக்கே பயனாளி இருநூற்றுப் பன்னிரண்டின் பல்லைப் பார்த்து வயதை ஒன்பதே முக்கால் என்று பதிந்திருக்கிறார்களாம். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு பத்து முடிகிறது. பத்து முடிந்தவர்கள் நிரந்தரப் பிரிவுக்குப் போய்விடுவார்கள். அது மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு காட்டோரம். அங்கிருந்து தத்துக் கொடுப்பதில்லை, பார்வையாளர் அனுமதியும் இல்லை. வயதானவர்களுக்கு ஏமாற்றம் கூடாது என்பதற்காக என்றார். தையல்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பதினான்கு நாள் இருந்தது.

காப்பகத்துக்கு எதிரே நாய்க்குட்டி விற்கிற கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டே இவர் முகத்தைப் படித்துவிட்டார். எத்தனை மாசமா அலையறீங்க, இப்படி உள்ள வாங்க, நாலு நிமிஷத்துல குட்டியோட போயிடலாம் என்று சிரித்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பெட்டியில் வைக்கட்டுமா, கையில் கொண்டுபோகிறீர்களா. கூட வந்திருந்த அக்கா, குட்டியின் தாயைப் பார்க்கலாமா என்றாள். பின்கட்டில் அடுக்கிய கூண்டுகளில் மூன்றாவது அடுக்கில் இருந்தது தாய். திரும்பிப் படுக்க இடமில்லாமல், வந்தவர்களை ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது. அக்கா ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டாள். அவள் ஒன்றும் பேசாமல் இருந்ததைத் தம்பி அதற்குமுன் பார்த்ததில்லை.

வீட்டைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். வாசல் இரண்டு இருப்பதால் பயனாளி ஓடிப்போக வாய்ப்பு என்று எழுதினார்கள். தையல்காரர் பின்கதவை ஆணி அடித்து மூடினார். ஒரே வாசல் இருப்பதால் பயனாளி சிறைப்பட்டதாக உணர வாய்ப்பு என்று மறுநாள் எழுதினார்கள். அவர் ஆணியைப் பிடுங்கினார். மூன்றாம் முறை வந்தபோது, வீடு உறுதியான கொள்கை இல்லாமல் மாறிக்கொண்டே இருக்கிறது என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவரின் கால்சட்டை ஒரு கால் அரை அங்குலம் நீளம். தையல்காரருக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. நின்ற நிலையிலேயே மடித்துத் தைத்துக் கொடுத்தார். அவர் நன்றி சொல்லிவிட்டு, கையூட்டு முயற்சி என்று குறித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு விண்ணப்பம் தள்ளுபடி ஆகவில்லை. ஆகாததற்கும் ஒரு காரணம் இருந்தது, அது பின்னால் தெரிந்தது. அடுத்த கட்டமாக ஏழு நாள் வெள்ளோட்டம் என்று கடிதம் வந்தது. துண்டு வரப்போகிறது என்று அக்கா தரையைத் துடைத்துவைத்தாள். கதவைத் திறந்தால், கையில் பெட்டியும் குடையுமாக ஒல்லியாக ஒரு மனிதர். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“பதிலி அலுவலருங்க. நிஜப் பயனாளியை ஆபத்துல விட முடியாது இல்லீங்களா, அதனால அதோட எடத்துல ஏழு நாள் நான் இருப்பேன். எனக்கு என்ன பண்றீங்களோ, அதைத்தான் அதுக்கும் பண்ணுவீங்கன்னு எடுத்துக்குவோம்.”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“காலைத் துடைச்சுட்டு வரச் சொல்லு,” என்றாள்.

பதிலி அலுவலர் விதிப்படி நடக்கிற மனிதர். கூப்பிட்டாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். சாப்பாட்டைத் தரையில்தான் வைக்க வேண்டும், ஆனால் கரண்டி உண்டு. தினமும் மூன்று வேளை, “இப்போ குரைக்கிறேன்” என்று மெல்லிய குரலில் அறிவிப்பார். அறிவித்துவிட்டு, வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். காலையும் மாலையும் தையல்காரர் அவரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று, குறிப்பேட்டில் ஒரு ‘சரி’ போட்டுவிட்டு நகர்வார். யாருங்க இவரு என்று தெருவில் கேட்டவர்களுக்குத் தையல்காரர் என்ன சொல்வார்? சொந்தக்காரர் என்று சொல்லி வைத்தார்.

அக்காவின் வாய்க்குத் தீனி வேண்டும் என்று முன்னமே சொன்னேன். முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். மேசைக்கடியில் இப்படிச் சுருண்டு கிடந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும், அந்த முட்டையைத் தொடாமல் வைத்தால் யார் தின்பது, குளிக்கிற எண்ணம் உண்டா இல்லையா. ‘வீட்டில் கடுமையான சொல் புழக்கம்’ என்று பதிலி அலுவலர் எழுதினார். மூன்றாம் நாள் ‘கடுமையான’ என்பதை அடித்தார். ஐந்தாம் நாள் அவள் திட்ட ஆரம்பித்ததும் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை நேரம் எடுத்துக்கொண்டு தன்னை யாரும் திட்டியதில்லை என்று தையல்காரரிடம் தனியாகச் சொன்னாராம். தங்கியிருக்கிற விடுதியில் ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பதில்லையாம். கன்னத்தில் சதை கூட வைத்துவிட்டது.

ஏழாம் நாள் இயக்குநர் அம்மா படக்காரர் ஒருவரோடு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் சட்டம் போட்ட சான்றிதழ். வீடு தேறிவிட்டது என்றார். பதிலி அலுவலரின் அறிக்கையில் குறை என்று ஒரு வரி இல்லையாம். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்ப வந்து கூட்டிக்கலாம் என்று கேட்டார்.

“யாரை? அதான் குடியேறியாச்சே,” என்று இயக்குநர் அம்மா பதிலி அலுவலரைக் காட்டினார். ஆண்டறிக்கை நாளைக்கு அச்சுக்குப் போகிறது. பதினொரு வருஷமாகக் ‘குடியேற்றம்’ என்ற கட்டத்தில் கோடுதான் போட்டு வருகிறார்கள். உதவி செய்கிற பெரியவர்கள் இந்த வருஷம் என்ன எண் என்று கேட்டே விட்டார்கள். இந்த வருஷம் ஒன்று. படக்காரர் இருவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார்.

“இவரு மனுஷருங்களே,” என்றார் தையல்காரர்.

“இனம்ங்கற எடத்தைக் காலியா விட்டிருக்கோம். எங்க காப்பகத்துல பாகுபாடு கிடையாது.”

“அப்ப துண்டு?”

“ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். உங்க வீடு நிரம்பிடுச்சு. இவருக்கு இங்க ஒட்டுதல் வந்தாச்சு, இப்பப் பிரிச்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாரு. நாயை நேசிக்கிறவர் நீங்க, உங்களுக்குச் சொல்லணுமா?”

அன்றைக்குத் தேதி இருபத்தெட்டு.

தையல்காரர் சான்றிதழைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அக்கா காஜா ஊசியை மேசையில் குத்தி வைத்தாள். பதிலி அலுவலரை அடுக்களைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி ஏதோ பேசினாள். அவர் முதலில் விதி எண்கள் சொல்வது கேட்டது. பிறகு அவள் மட்டும் பேசுவது கேட்டது. பிறகு அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது.

மறுநாள் காப்பகம் திறக்கும்போதே மூன்று பேரும் முகப்பு மேசை முன்னால் நின்றார்கள். அக்கா பதிலி அலுவலரின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

“திருப்பிக் குடுக்க வந்திருக்கோம்,” என்றாள்.

மேசைப் பெண் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சேர்க்கைக்குப் படிவம் இருந்தது, மறுப்புக்குப் பதினாறு வகை இருந்தது, திரும்பப் பெற ஒன்றும் இல்லை. மேலே ஆள் போயிற்று. ஏழு பேரும் இறங்கி வந்தார்கள். இயக்குநர் அம்மாவின் பட்டுக் குரல் கொஞ்சம் சாயம் போயிருந்தது. இந்தக் காப்பகத்திலிருந்து போனது எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை, ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அது அச்சாகிக்கொண்டிருக்கிறது என்றார். எதுவும் போனதே இல்லையேம்மா என்று மேசைப் பெண் மெதுவாகச் சொன்னாள். புள்ளிவிவரம் பார்க்கிறவர் மனக்கணக்குப் போட்டு முகம் வெளுத்தார். போனது ஒன்று, வந்தது ஒன்று என்றால் நூற்றுக்கு நூறு தோல்வி.

“என்ன குறை அவர்கிட்ட?” என்று இயக்குநர் அம்மா கேட்டார்.

அக்காவுக்கு நாக்கு நுனியில் இருந்தது எல்லாம். முடி கொட்டுகிறது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிறது. யாராவது கதவைத் தட்டினால் பேசாமல் இருந்துவிட்டு, தட்டினார்கள் என்று எழுதி வைக்கிறது.

“கடிக்கவும் கூடும்,” என்றார் பதிலி அலுவலர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஏழு பேரும் ஓர் அடி பின்னால் போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. விதிப் புத்தகம் வந்தது, புரண்டது, மூடிக்கொண்டது. கடைசியில் இயக்குநர் அம்மா சிரித்த முகத்தோடு திரும்பினார். அந்தச் சிரிப்பைத் தையல்காரர் எதிர்க் கடை வாசலில் பார்த்திருந்தார்.

“திருப்பிக் குடுத்தாதானே திருப்பம்? மாத்திக்கிட்டா அது திருப்பம் ஆகாது. உங்களுக்கு இது ஒத்துவரல, சரி. இதே தரத்துல வேற ஒண்ணு எடுத்துக்கோங்க. எது புடிச்சிருக்கோ அதைக் காட்டுங்க, குடுத்துடறோம். வந்தவங்க முகம் வாடிப் போகக் கூடாது.”

தையல்காரர் காட்டினார்.

கொடுக்கிறோம் என்று ஆன பிறகுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது. நாய்கள் வெளியேறும் கதவு எது என்று யாருக்கும் சட்டென்று தெரியவில்லை. கட்டட வரைபடத்தை விரித்துப் பார்த்ததில் பின்பக்கத்தில் ஒன்று இருந்தது. அதை மறைத்துக்கொண்டு பதினொரு வருஷத்து ஆண்டறிக்கைக் கட்டுகள். ஏழு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டுகளை அகற்றினார்கள். குழுவாக அவர்கள் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

துண்டு வந்தது. வந்த வேகத்தில் தையல்காரரைத் தாண்டிப் போய்ப் பதிலி அலுவலர் முன்னால் நின்றுவிட்டது. அவர் கால்சட்டையை, முழங்காலை, சட்டை நுனியை நிதானமாக முகர்ந்தது. ஏழு நாள் அதன் படுக்கையில் படுத்த துணி அல்லவா? வீட்டு வாசனை முழுக்க அவர்மேல்தான் இருந்தது. முகர்ந்து முடித்து, மூக்கை அவர் உள்ளங்கையில் வைத்தது. பதிலி அலுவலர் அசையவில்லை. குறிப்பேடு கக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் அது திரும்பித் தையல்காரர்மேல் பாய்ந்து, மனிதரை அப்படியே அறிக்கைக் கட்டுகளின் மேல் உட்காரவைத்தது.

“ஞாயித்துக்கிழமை வாங்க. இத்தனை நாள் பாக்கியெல்லாம் இதைத் திட்டி முடிச்சுட்டு உங்களுக்கும் நேரம் ஒதுக்கறேன்,” என்று அக்கா பதிலி அலுவலரிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

வீடு வந்ததும் துண்டு நேரே மேசைக்கடியில் போயிற்று. அங்கே துணிகள் நிறவாரியாகவும் அளவுவாரியாகவும் பிரித்து, ஓரம் தட்டி, ஆறு அடுக்காக வைக்கப்பட்டிருந்தன. துண்டு கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தது. பிறகு முன்னங்காலால் ஒவ்வோர் அடுக்காகச் சரித்து, வாயால் இழுத்துக் கலைத்து, மேசைமேலிருந்து தொங்கிக்கொண்டிருந்த சாம்பல்நிறத் துணி ஒன்றையும் உருவிக் கீழே போட்டது. மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் விழுந்து, பெருமூச்சு விட்டு, தூங்கிவிட்டது. அக்கா எட்டிப் பார்த்து, வந்ததும் வராததுமா என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தது ஒரு மணி நேரம் நிற்கவில்லை. அது தூக்கத்திலேயே வாலை ஒரு தரம் தட்டியது.

சாயங்காலம் வங்கியில் வேலை பார்க்கிறவர் ஒருவர் வந்தார். மறுநாள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று போன வாரமே சாம்பல்நிறக் கால்சட்டைக்குத் துணி கொடுத்திருந்தார். தைத்தாயிற்றா என்றார். தையல்காரர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தார்.

“மெதுவாப் பேசுங்க,” என்றார். “துணிமேல ஆள் தூங்குது. அது எந்திரிச்சதும் வெட்டிடறேன்.”